இருக்கை பழகிய பிறகு

கண்ணு, தகுதிகாண் பருவம் முடிந்ததாக உனக்கு ஆணை வந்துவிட்டது என்று உன் அப்பா போனில் சொன்னான். குரூப் 4 எழுதி, பவானிசாகரில் பயிற்சி முடித்து, தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளராக உட்கார்ந்தாயிற்று. எந்தப் பதிவேடு எந்த பீரோவில் இருக்கிறது என்பதுகூட இப்போது கைக்கே தெரிந்திருக்கும். அரசு வேலையில் ஆட்கள் தேங்கிப்போவது இந்த இடத்தில்தான். சேர்ந்த புதிதில் பயம் நம்மை ஓட்டும். ஓய்வு நெருங்கும்போது பென்ஷன் கணக்கு ஓட்டும். நடுவில் இருக்கிற இருபத்தைந்து, முப்பது வருஷத்தை நீயேதான் ஓட்டியாக வேண்டும். வருவாய்த் துறையிலேயே தலை நரைத்தவள் என்ற உரிமையில் அத்தை சிலது சொல்கிறேன். வரிசை எண் போட்டிருக்கிறேன். ஆபீஸ் பழக்கம், இன்னும் விடவில்லை.

1. தன்பதிவேட்டைப் பொய் சொல்ல விடாதே. வந்த தபாலை அன்றைக்கே ஏற்றிவிடு. சுலபமான மனுவை மேலே வைத்து, சிக்கலானதை அடியில் தள்ளத்தான் எல்லோருக்கும் கை போகும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மாறுதலாகிப் போன ஒருவரின் கீழ் இழுப்பறையில், விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் ஒரு கட்டு மனுக்கள் கிடந்தன. எதற்கும் எண் இல்லை. முதியோர் உதவித்தொகை கேட்டிருந்த ஒரு பாட்டி அதற்குள் இறந்தே போயிருந்தார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை, சிரித்துப் பேசுவார். நிலுவை அதிகம் என்று சொல்ல மட்டும் வெட்கப்பட்டார். இப்போது இ-ஆபீஸ் வந்துவிட்டது, எல்லாம் திரையிலேயே தெரியும் என்பாய். ‘கூடுதல் விவரம் தேவைப்படுகிறது’ என்று ஒரு வரி தட்டி, மூன்று மாதத்துக்குக் கோப்பை வி.ஏ.ஓ. தலையில் கட்டுகிறவர்கள் திரையிலும் உண்டு. நிலுவை இருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிடு. திட்டு அன்றோடு போய்விடும்.

2. குறிப்பு எழுதக் கற்றுக்கொள். உன் பணிக்காலம் முழுவதும் உன்னைத் தூக்கிவிடுவதும் கவிழ்ப்பதும் இதுதான். எனக்கு முதலில் வாய்த்த தலைமை எழுத்தர் அதிகம் பேச மாட்டார். “அம்மா, படிக்காமல் கையெழுத்துப் போட்டாலும் தப்பு நடக்காதபடி எழுதுங்க” என்பார். அதிகாரி முகாம், ஆய்வுக்கூட்டம் எல்லாம் முடித்து இரவு எட்டு மணிக்குக் கோப்பு பார்க்க உட்காருவார். அந்த நேரத்தில் அவருக்குக் கண் நீதான்.

ஒரு பெரியவர் கதை சொல்கிறேன். 1979 முதல் 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது, நாம் யு.டி.ஆர். என்கிறோமே, அதுதான். அந்தக் கணக்கில் ஏறிய பிழைகளை இன்றும் தாலுகா ஆபீஸ்கள் திருத்திக்கொண்டிருக்கின்றன. இந்தப் பெரியவர் காலங்காலமாக உழுதது உட்பிரிவு 3ஆ. பட்டாவில் அவர் பெயருக்கு ஏறியிருந்ததோ 3அ, அவருடைய பங்காளியின் நிலம். ஓர் எழுத்துதான். பேரன் படிப்புக்கு நிலத்தை அடமானம் வைக்கப் போனபோது வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். அவர் முன்பே ஒருமுறை மனு கொடுத்து, அது தள்ளுபடியும் ஆகியிருந்தது. குறிப்பில் இருந்தது ஒரே வாக்கியம்: ‘ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டன, மனு ஏற்கத்தக்கதல்ல.’ எந்த ஆவணம்? கிரயப் பத்திரமா, பழைய ‘அ’ பதிவேடா, புலப்படமா? யார் பார்த்தது, என்றைக்குப் பார்த்தது? ஒன்றுமே இல்லை. எழுதியவர் பார்த்தாரா என்பதைக்கூட அந்தக் கோப்பைக் கொண்டு சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தோண்ட வேண்டியதாயிற்று. அதுவரை அந்தப் பெரியவர் நடந்த நடைக்குக் கணக்கில்லை.

அதனால் நீ பார்த்ததைப் பார்த்தேன் என்று எழுது, பக்க எண்ணோடு எழுது. பார்க்காததை எழுதாதே. விதி என்ன சொல்கிறது, முன்பு இதுபோல் வந்ததற்கு என்ன முடிவு எடுத்தார்கள், உன் கருத்து என்ன என்று மூன்றையும் தனித்தனியாக வை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2005-இல். அதற்குப் பிறகு நீ எழுதுகிற குறிப்பை நாளை ஒரு குடிமகன் நகல் கேட்டு வாங்கிப் படிக்கலாம். பயப்படுவதற்காகச் சொல்லவில்லை. உன் எழுத்துக்கு அப்படியும் ஒரு வாசகர் உண்டு, அவ்வளவுதான்.

3. துறைத் தேர்வுகளை இப்போதே முடித்துவிடு. மே, டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வாணையம் நடத்துகிறது. கணக்குத் தேர்வு, மாவட்ட அலுவலக நடைமுறை, வருவாய்த் தேர்வுகள் என்று உனக்கு விதித்தவை எவை என்று எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வை. பதவி உயர்வுப் பட்டியலுக்கு ஒரு நாள் குறிப்பார்கள். அந்த நாளில் தேர்ச்சி இல்லையென்றால் உனக்குப் பின்னால் சேர்ந்தவள் உனக்கு முன்னால் போவாள். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. கல்யாணம், குழந்தை, மாமியார் என்று வருஷம் எப்படி ஓடும் என்று பெண்களாகிய நமக்குத் தெரியும். அதனால்தான் இப்போதே என்கிறேன். சில தாள்களைப் புத்தகம் வைத்து எழுதலாம் என்று அலட்சியம் வேண்டாம். அவற்றில் தோற்கிறவர்களும் நிறையப் பேர், எந்த விதி எந்தப் பக்கத்தில் என்று தெரியாமல் தேர்வு நேரம் முழுவதும் புரட்டிக்கொண்டே இருப்பார்கள்.

4. குரூப் 2 எழுத ஆசையா? தாராளமாக எழுது, துறைக்கு முறைப்படி தெரிவித்துவிட்டு எழுது. அலுவலக நேரத்தில் மடியில் புத்தகம் வைத்துப் படிக்காதே. எதிரில் மனுவோடு நிற்கிறவருக்கு அது தெரியும்.

5. கிராம உதவியாளரிடம் கற்றுக்கொள். அந்தக் காலத்தில் தலையாரி என்போம். எந்த ஓடை எந்த வருஷம் திசை மாறியது, எந்தக் கல் பெயர்த்து நடப்பட்டது, எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை வாய்ப்பேச்சோடு நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நம் பதிவேட்டில் இருக்காது. ஒருமையில் கூப்பிடாதே, உட்காரச் சொல். அலுவலக உதவியாளரும் அப்படியே. ‘நான் குரூப் 4-இல் தேறி வந்தவள்’ என்ற எண்ணம் முதுகில் ஏறினால் இறக்கி வை சாமி, எடை அதிகம்.

6. யாருக்கும் பிடிக்காத வேலையைக் கேட்டு வாங்கு. எல்லாவற்றையும் அல்ல, வருஷத்துக்கு ஒன்று. ஜமாபந்தியில் போய் உட்கார். பசலி ஆண்டு முடிகிற சமயத்தில், மே, ஜூன் வெயிலில், கிராமக் கணக்கு முழுவதும் ஒரே மேசைக்கு வரும். பிறப்பு இறப்புப் பதிவிலிருந்து புறம்போக்கு ஆக்கிரமிப்பு வரை வேறெங்கும் ஒரே இடத்தில் பார்க்க முடியாது. தேர்தல் பிரிவு, வெள்ள நிவாரணம் இரண்டும் இப்படித்தான், தூக்கம் போகும், ஆளைத் தேற்றிவிடும். ஒரே இருக்கையில் பத்து வருஷம் இருந்தவர்களுக்கு அந்த இருக்கை மட்டும்தான் தெரியும். பதவி உயர்ந்து போகும்போது தனக்குக் கீழே இருப்பவர் சொல்வதை அப்படியே நம்பவேண்டி வரும்.

7. பணம். இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கவரில் வருவதை வேண்டாம் என்று சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. பினாப்தலின் தடவிய நோட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், பயமே பாதி காவல். மனுதாரர் வாங்கித் தரும் டீ இருக்கிறதே, அது கஷ்டம். பிறகு தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி, பிறகு ‘பாப்பாவுக்கு’ என்று ஏதாவது. யாரும் தவறாக நினைத்துத் தருவதில்லை, அதனால்தான் மறுப்பது சங்கடம். சிரித்துக்கொண்டே மறுத்துவிடு. உன் டீக்குக் காசு நீயே கொடு, முடிந்தால் அவர் டீக்கும் சேர்த்துக் கொடு.

8. வாய்மொழி உத்தரவைக் காதில் வாங்கு, கோப்பில் எழுது. ‘நேரில் ஆணையிட்டபடி’ என்று ஒரு வரி போட்டு, சொன்ன அதிகாரியின் கையெழுத்துக்கு வை. நியாயமான அதிகாரி கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அந்த உத்தரவு எப்படிப்பட்டது என்று உனக்குப் புரிந்துவிடும். மிடுக்காகச் செய்ய வேண்டாம், பணிவாகவே செய்யலாம். 17(ஆ) குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஒன்று நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு அப்படியே நின்றுவிடும், வருஷக்கணக்கில் நிற்கும். நல்லவர்கள் சிலர் விசுவாசம் என்று நினைத்து, வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்டு அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன். சொன்னவர் அதற்குள் மாறுதலில் வேறு மாவட்டம் போயிருப்பார்.

9. உன் பணிப்பதிவேட்டை ஆண்டுக்கு ஒருமுறை கேட்டுப் பார். ஊர்க்காரர்களின் பட்டாவையெல்லாம் திருத்துகிற நாம் நம்முடையதைப் பார்க்க மாட்டோம். ஊதிய உயர்வு, விடுப்பு, துறைத் தேர்வுத் தேர்ச்சி எல்லாம் பதிவாகி, கையெழுத்து ஆகியிருக்கிறதா பார். ஓய்வு பெற்ற பிறகு விட்டுப்போன ஒரு பதிவுக்காக, முன்பு தான் அதட்டிய அலுவலகத்திலேயே வரிசையில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

டிசம்பர் தேர்வுக்கு அறிவிப்பு வந்ததும் எனக்குச் சொல். கணக்குத் தேர்வுப் புத்தகங்கள் பரண்மேல் இருக்கின்றன, வந்தால் எடுத்துத் தருகிறேன். பழைய பதிப்பு, திருத்தங்கள் எதுவும் ஒட்டவில்லை. அடிக்கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டு, தேர்வுக்குப் புதியது வாங்கிவிடு.