செவிலியரும் தலைமையும்

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிலிருந்து துணை புரியும் 'உழைச்செல்வான்' என்பன அவை. உழைச்செல்வானை மருத்துவனின் ஏவலாளாக அவர் கூறவில்லை என்பது நாம் கருதத்தக்கது. மற்ற மூன்றோடு ஒத்து நிற்கும் தனிக் கூறாகவே எண்ணினார். நம் காலத்தில் அக்கூற்றில் நிற்பவர் செவிலியர். அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாயின் பெயரையே இத்தொழிலுக்கு இட்டு வழங்குகின்றோம். பெயரிட்டுப் போற்றுவதில் நாம் குறை வைப்பதில்லை. ஆனால் மருத்துவமனை எவ்வாறு நடக்கவேண்டும், நாட்டின் நலவாழ்வுக் கொள்கை எவ்வாறு அமையவேண்டும் என்று முடிவு செய்யும் அவையில் அவர்களுக்கு இருக்கை இடுகின்றோமா? இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

ஓர் இரவு

சென்ற ஆண்டு, நோயுற்ற நண்பர் ஒருவருக்குத் துணையாக, இந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. வார்டில் முப்பது கட்டில்கள். இரவு முழுவதற்கும் ஒரே செவிலி. கன்னியாகுமரிப் பக்கத்தவர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. ஒரு மூலையில் சலைன் பாட்டில் தீர்ந்து கிடந்தது. மறுமூலையில் முதியவர் ஒருவர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். அவர் முதியவரிடம் ஓடினார். பாட்டில் தீர்ந்த நோயாளியின் உறவினரோ அவரை வாய்க்கு வந்தபடி ஏசினர். அவர் மறுமொழி கூறவில்லை. முதியவரைக் கவனித்துவிட்டு வந்து பாட்டிலை மாற்றினார்.

விடியும் வேளையில், "இத்தனை பேருக்கு நீங்கள் ஒருவர்தானா, சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"என்ன செய்வது தம்பி? பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று."

"எழுதிக் கொடுத்தீர்களா?"

"எழுத நேரம் ஏது?" என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றார்.

அன்றிரவு நேர்ந்த குறை யாருடையது? ஏசியவர்கள் கண்ணுக்குத் தெரிந்தவரைக் குற்றவாளி ஆக்கினர். உண்மைக் காரணமோ அவ்வார்டில் இல்லை. டியூட்டிப் பட்டியலை எழுதிய மேசையிலும், எத்தனை செவிலியரை அமர்த்துவது என்று முடிவு செய்த அறையிலும், அதற்கு விதி வகுக்காத சட்டத்திலும் இருந்தது. ஆதலின், செவிலியர் தலைமை என்பதை மூன்று நிலைகளில் வைத்து ஆராய்தல் வேண்டும். கட்டிலருகே காட்டும் தலைமை முதலாவது. வார்டையும் மருத்துவமனையையும் நடத்தும் நிர்வாகம் இரண்டாவது. அரசின் கொள்கையை மாற்றும் முயற்சி மூன்றாவது.

கட்டிலருகே தலைமை

தலைமை என்றவுடன் பதவியை நினைப்பது நம் வழக்கம். தீர்ந்த பாட்டில் முதலா, திணறும் மூச்சு முதலா என்று ஒரு நொடியில் துணிந்து, வசைமொழியைப் பொறுத்துக்கொண்டு, முதற்கடமையை முதலிற் செய்தாரே, அவரிடம் பதவி இல்லை, தலைமை இருந்தது. டாக்டர் நாளுக்குச் சில நிமிடங்கள் நோயாளியைக் காண்கிறார். செவிலி நாள் முழுதும் காண்கிறார். நாடி தளர்வதையும், சிறுநீர் குறைவதையும், பேச்சுக் குழறுவதையும் முதலிற் காண்பவர் அவரே. கண்டதை உரியவரிடம் அஞ்சாமல் உரைப்பதும், எழுதப்பட்ட மருந்தின் அளவு தவறெனத் தோன்றினால் கொடுக்குமுன் கேட்பதும் இந்நிலையில் அவர் காட்டவேண்டிய தலைமைப் பண்புகள். இவ்வாறு கேட்கும் செவிலியை அதட்டி அடக்கும் மருத்துவமனை, தன் நோயாளியின் காவலையே அடக்குகிறது.

வார்டு நிர்வாகம்

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் எழுதிய செவிலியர் பணி பற்றிய நூல் 1859 இறுதியில் வெளிவந்தது. அதில் சிறு நிர்வாகம் பற்றியே ஓர் அதிகாரம் உண்டு. நாம் இருக்கும்போது நடக்கும் நற்பணி, நாம் இல்லாதபோதும் தவறாமல் நடக்குமாறு ஏற்பாடு செய்வதே நிர்வாகம் என்பது அதன் சாரம். எல்லாவற்றையும் தாமே செய்துவிட வேண்டும் என்று ஓடுபவர் நல்ல ஊழியர். தாம் இல்லாத இரவிலும் செய்யப்பட வழிவகுப்பவரே நல்ல நிர்வாகி.

டியூட்டி மாறும்போது நோயாளிகளின் நிலையை ஒருவர் மற்றொருவரிடம் முறையாக ஒப்படைத்தல், பட்டியலிடும்போது நோயின் கடுமைக்கு ஏற்ப ஆள் ஒதுக்குதல், மருந்தும் கருவியும் தீருமுன் கேட்டு வாங்கி வைத்தல், புதியவருக்குப் பழகியவரைத் துணையாக அமர்த்துதல், நேர்ந்த தவற்றை மறைக்காமல் பதிவு செய்து அதன் காரணத்தை ஆராய்தல் ஆகியன வார்டு நிர்வாகத்தின் கூறுகள். இவற்றுள் இறுதியானது மிக அரிது. தவறு செய்தவரைத் தண்டிப்பதே வழக்கமான இடத்தில் யாரும் தவற்றைப் பதியமாட்டார். பதியாத தவறு மீண்டும் நிகழும். ஆகவே, தவற்றைக் கூறியவருக்குத் தீங்கு வாராது என்ற நம்பிக்கையை ஊட்டுவது தலைமைச் செவிலியின் முதற்பொறுப்பாகும்.

ஆனால் முப்பது கட்டிலுக்கு ஒருவர் என்ற நிலையில் எத்துணைச் சிறந்த நிர்வாகியும் என் செய்வார்? இங்கேதான் மூன்றாம் நிலை தொடங்குகின்றது.

எண்ணே படைக்கலம்

'விளக்கேந்திய மாது' என்று நைட்டிங்கேலை நாம் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். அவர் கையிலிருந்த விளக்கைக் கண்ட உலகம், கணக்கேட்டைக் காண மறந்தது. 1854 நவம்பரில், 38 செவிலியருடன் அவர் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். கிரிமியப் போரில் அங்கு மாண்ட வீரர்களில் பெரும்பாலோர் காயத்தால் மாளவில்லை; காலரா, வயிற்றுப்போக்கு, டைபஸ் முதலிய நோய்களால் மாண்டனர். 1855 பிப்ரவரியில் நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேர் என்ற அளவில் சாவு ஏறியது. மார்ச்சு மாதம் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதாரக் குழு, சாக்கடைகளைத் துப்புரவு செய்து, காற்றோட்டத்திற்கு வழி செய்தது. ஜூன் மாதத்திற்குள் அவ்வளவு நூற்றுக்கு 2 என்று இறங்கியது.

போர் முடிந்து திரும்பியபின் அவர் செய்ததே நமக்குப் பாடம். புள்ளியியல் அறிஞர் வில்லியம் பார் என்பாரின் துணையுடன் சாவுக் கணக்குகளை ஆராய்ந்தார். சேவையைப் புகழ்ந்தவர்களிடம் புகழ்ச்சியை ஏற்றுக்கொண்டு அமரவில்லை. விசாரணைக் குழு வேண்டும் என்றார். 1857இல் அரசக் குழு அமைந்தது. பெண் என்பதால் அவர் அதில் உறுப்பினர் ஆக இயலவில்லை. எழுத்து மூலமாகச் சாட்சியம் அளித்தார். எண்களைப் படிக்கச் சோம்பும் அமைச்சர்களும் ஒரு பார்வையில் உணருமாறு, மாதந்தோறும் நேர்ந்த சாவுகளை வட்ட வடிவ வண்ணப் படங்களாக வரைந்து காட்டினார். 1858இல் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராகத் தேர்ந்தது.

இந்தியாவுக்கும் இவ்வாராய்ச்சி நீண்டது. அவர் இந்நாட்டில் கால் வைத்ததே இல்லை. ஆயினும் படைநிலையங்களுக்கெல்லாம் வினாத்தாள் அனுப்பி விடைகளைத் திரட்டினார். 1863இல் வெளிவந்த அரசக் குழுவின் அறிக்கை, இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படைவீரரில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் மாண்டனர் என்று காட்டியது. அதன் பயனாக 1864இல் வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதாரக் குழுக்கள் அமைந்தன. பத்தாண்டுகளில் அச்சாவு ஆயிரத்துக்கு 18 என்று குறைந்ததாக அவரே எழுதினார். தொடக்கத்தில் அவர் கருதியது வெள்ளையரின் படையையே. ஆனால் படைவீட்டைச் சூழ்ந்த ஊர்கள் நோயுற்றிருக்கப் படை மட்டும் நலமாக வாழாது என்பதைக் கண்டு, பின்னர் உழவரின் வறுமை பற்றியும், பாசனம் பற்றியும், 1876–78இல் தென்னாட்டை வாட்டிய பஞ்சம் பற்றியும் எழுதலானார்.

அவருடைய முறையைப் படிப்படியாக வகுத்துக் காணலாம்: முதலில் எண்ணுதல், எண்ணியதை எளிதில் விளங்கக் காட்டுதல், முடிவு செய்யும் அதிகாரம் உடையவரை அடைதல், முடிவான பின்னும் அது நிறைவேறுகிறதா என்று விடாது தொடர்தல்.

தனியொருவரும் சங்கமும்

பெருந்தலைவரும் பிழைபடுவர். செவிலியரைச் சட்டப்படி பதிவு செய்யவேண்டும் என்ற இயக்கம் எழுந்தபோது நைட்டிங்கேல் அதனை எதிர்த்தார். நற்குணத்தைத் தேர்வினால் அளக்க இயலாது என்பது அவர் கருத்து. எதெல் பெட்போர்டு பென்விக் என்னும் அம்மையார் உடன்படவில்லை. பயிற்சி பெற்றவரையும் பெறாதவரையும் பொதுமக்கள் எவ்வாறு வேறு பிரித்து அறிவர் என்று கேட்டார். 1887இல் பிரித்தானியச் செவிலியர் சங்கத்தைத் தோற்றுவித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடினார். செவிலியர் பதிவுக்கெனத் தனிச் சட்டத்தை முதலில் இயற்றிய நாடு நியூசிலாந்து, ஆண்டு 1901. இங்கிலாந்தில் 1919இல் அது சட்டமாயிற்று. சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் 1926இல் வந்தது. தனியொருவரின் பெருமை எத்துணை உயர்ந்ததாயினும், ஒரு தொழிலின் உரிமையைக் காப்பது சங்கமே என்பதற்கு இவ்வரலாறு சான்று.

நம் நாட்டில்

இந்தியாவில் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908இல் தோன்றியது. விடுதலைக்கு முந்தைய ஆண்டாகிய 1946இல் வெளிவந்த சர் ஜோசப் போர் குழுவின் அறிக்கை, நாட்டில் ஏறத்தாழ 7,000 செவிலியரே உள்ளனர், 43,000 மக்களுக்கு ஒருவர் வீதம் ஆகிறது என்று கணக்கிட்டது. அவ்வாண்டிலேயே தில்லியிலும் வேலூரிலும் செவிலியர் பட்டப்படிப்புத் தொடங்கிற்று. 1947 இறுதியில் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் நிறைவேறியது. 1987இல் மத்திய அரசு அமைத்த செவிலியர் தொழில் பற்றிய உயர்நிலைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் தமிழகத்துச் சமூகப் பணியாளர் சரோஜினி வரதப்பன் அவர்கள். 1947ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, தேசியச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டத்தை 2023இல் நாடாளுமன்றம் இயற்றியது.

குழுக்களுக்கும் சட்டங்களுக்கும் குறைவில்லை. அவற்றின் பயன் வார்டுக்கு வந்து சேர்வதிலேதான் இடர்ப்பாடு. ஊதியத்தை எடுத்துக்கொள்வோம். தனியார் மருத்துவமனைச் செவிலியர் பெறும் சம்பளம் மிகக் குறைவென்று பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2016 ஜனவரி 29ஆம் நாள், ஆராய்ந்து பரிந்துரைக்கக் குழு அமைக்குமாறு மத்திய அரசுக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. ஐம்பதுக்குக் குறைந்த படுக்கையுள்ள இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது, 200க்கு மேற்பட்ட படுக்கையுள்ள இடத்தில் அரசுச் செவிலியருக்கு நிகராகக் கொடுக்கவேண்டும் என்பன அக்குழுவின் பரிந்துரைகளுட் சில. ஆனால் பரிந்துரை சட்டம் ஆகாது. அதனை நிறைவேற்றுவது மாநிலங்களின் கையில் விடப்பட்டது. கேரளத்தில் செவிலியர் வேலை நிறுத்தம் செய்தும் பேச்சு நடத்தியும் விடாது நின்றதால், 2018இல் அம்மாநில அரசு 20,000 ரூபாயைக் குறைந்த அளவு ஊதியமாக அறிவித்தது. தீர்ப்பு ஒன்றே, அதனைத் தொடர்ந்து பற்றி நின்ற இடத்தில் பயன் விளைந்தது.

முப்பதுக்கு ஒருவர்

அவ்விரவின் வினாவுக்கு மீள்வோம். ஒரு செவிலிக்கு எத்தனை நோயாளி? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் என்னும் செவிலியர் அறிஞரும் உடன் ஆய்வாளரும் 2002இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஒரு செவிலியின் பொறுப்பில் அறுவை நோயாளி ஒருவர் கூடும்போதெல்லாம், முப்பது நாளுக்குள் சாவு நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்பது அம்முடிவு. கலிபோர்னியாவிலோ செவிலியர் சங்கம் ஆண்டுக்கணக்கில் முயன்று, 1999இல் விகிதாசாரச் சட்டத்தைப் பெற்றிருந்தது. 2004இல் அது நடைமுறைக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு இருவர், பொது வார்டில் ஒருவருக்கு ஐவர் என்பது அங்குள்ள வரம்பு. பொது வார்டு வரம்பைத் தள்ளிவைக்க அம்மாநில ஆளுநர் முயன்றபோது, செவிலியர் நீதிமன்றம் சென்று தடுத்தனர்.

செலவு மிகும் என்பார் உளர். செலவு மிகும் என்பது உண்மையே. ஆயினும் ஆள் குறைவால் நீளும் நோய்க்கும், ஓய்ந்துபோய் வேலையை விட்டு வெளிநாடு செல்பவருக்கு மாற்றாகப் புதியவரைப் பயிற்றுவதற்கும் ஆகும் செலவை யாரும் அக்கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்துக் காட்டவேண்டியது செவிலியர் தலைமையின் கடமை. அதற்கு ஏடு வேண்டும். ஏடு எழுத நேரம் வேண்டும். நேரத்துக்கு ஆள் வேண்டும். எழுத நேரமில்லாத செவிலி ஆள் குறைவை நிறுவ இயலாது. நிறுவாதவரை ஆள் வாராது. இச்சுழலை உடைக்க வெளியிலிருந்தும் ஒரு கை வேண்டும்.

முடிவுரை

அந்தக் கை மாணவராகிய நம்முடையதாக ஏன் இருக்கலாகாது? புள்ளியியல் பயிலும் நண்பர் செவிலியர் சங்கத்துக்கு ஒரு கணக்கெடுப்பு முறையை வகுத்துத் தரலாம். சட்டம் பயில்பவர் விதிகளை எளிய தமிழில் எழுதலாம். மருத்துவம் பயில்பவர், நாளை வார்டுக்குள் நுழையும்போது, செவிலி சொல்லும் எச்சரிக்கையைச் செவிகொடுத்துக் கேட்கும் பழக்கத்தை இன்றே மேற்கொள்ளலாம். செவிலியர் கல்லூரியில் பயிலும் சகோதரிகளும் சகோதரர்களும், கட்டிலருகே கற்பதோடு கணக்கும் சட்டமும் மேடைப் பேச்சும் கற்கவேண்டும். தம் தொழிலைப் பற்றிப் பிறர் முடிவு செய்யும் அவைக்கு வெளியே நிற்பதில்லை என்று உறுதி கொள்ளவேண்டும்.

அன்று விடியற்காலையில் அந்தச் சகோதரியிடம், "எழுதிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டு வந்தேன். கேட்பது எளிது. "நான் எழுதித் தருகிறேன், நீங்கள் கையெழுத்திடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம் என்பது விடுதிக்குத் திரும்பும் வழியில்தான் தோன்றிற்று. அடுத்தவர் அவ்வாறு சொல்லத் தவறாதிருப்பாராக.