வளவைத் துப்புரவாக்கும் முன் அறிய வேண்டிய செடிகள்

இரணைமடுப் பகுதியில் ஆளில்லாமல் கிடந்த வளவுகளில் பற்றை மண்டியிருக்கும். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்பட்ட காணியில் மட்டுமே துப்புரவு செய்யுங்கள். அங்கு நிற்கக்கூடிய இரண்டு பூச்செடிகள் அழகானவை, ஆனால் நஞ்சுள்ளவை.

கார்த்திகைப்பூ: மாரி மழையுடன் முளைக்கும் கொடி. இலையின் நுனி சுருண்டு பற்றிப் படரும். மஞ்சளாக விரியும் இதழ்கள் பின்னர் சிவக்கும். இதன் கிழங்கு கலப்பை போல வளைந்திருக்கும். வற்றாளங்கிழங்கு என நினைத்து இதை உண்டு இறந்தவர்கள் உண்டு. அவித்தாலும் நஞ்சு போகாது.

மஞ்சள் அலரி: ஒடுங்கிய நீண்ட இலை, புனல் போன்ற மஞ்சள் பூ, வெட்டினால் பால் வடியும். விதை இதயத்தைத் தாக்கும். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வைத்திருக்க வேண்டாம். வெட்டியதை ஆடு, மாடு தின்னாதபடி ஆழமாகப் புதையுங்கள்.

யாராவது உண்டுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திருக்காதீர்கள். செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

வேலிக்கு எதை நடலாம்?
ஐப்பசியில் மழை தொடங்கியதும் கிளுவை, பூவரசு கதியால்களை நடுங்கள். அடுத்த கோடைக்குள் வேர் பிடித்துவிடும். கிளுவங்குழை ஆட்டுக்குத் தீனி. பூவரசங்குழை வயலுக்குப் பசளை. பூவரசின் மஞ்சள் பூ வளவுக்கும் அழகு தரும்.