கேரம் போர்டில் தோற்பது கையா, மனசா?

'என்னடா இது, நாடி பார்க்கிற வைத்தியர் கேரம் சொல்லித்தரக் கிளம்பிவிட்டாரே!' என்று நினைக்கிறீர்களா? விஷயம் இருக்கிறது, கேளுங்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் வந்தார். வயது 34. "டாக்டர், வலது கை நடுங்குது. கழுத்துல பிடிப்பு. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தா தூக்கமே வரமாட்டேங்குது" என்றார். நாடி பார்த்தேன். சர்க்கரை, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவரச் சொன்னேன். இரண்டும் சரியாகவே இருந்தன.

"கை எப்போ நடுங்குது? சாப்பிடும்போதா, எழுதும்போதா?" என்று கேட்டேன். அவர் தயங்கினார். கூட வந்திருந்த மனைவி சொல்லிவிட்டார்: "கேரம் போர்டு முன்னால உட்கார்ந்தா மட்டும்தான் டாக்டர்!"

கம்பெனியில் வருஷா வருஷம் ஆயுத பூஜையை ஒட்டி கேரம் போட்டி நடக்குமாம். தொடர்ந்து இரண்டு வருஷம் ஃபைனல் வரை போய்த் தோற்றிருக்கிறார். இந்த முறை விடக்கூடாது என்று, ஷிப்ட் முடிந்து வந்ததும் தூங்காமல் இரண்டு மணி நேரம் பயிற்சி. நடுவில் நாலு டீ. துணைக்கு 10 வயது மகன். காய் தவறினால் பலகையை ஓங்கி ஒரு அறை! "இப்பல்லாம் அப்பாகூட ஆட மாட்டேன்னு பையன் அழறான் டாக்டர்" என்றார் அந்த அம்மா.

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு உறைத்தது. கழுத்துக்குத் தைலம் கொடுத்தேன். ஆனால் உண்மையான வைத்தியம் அந்தப் பலகையில்தான் இருந்தது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில், விடுதியில் நானும் விரல் தேயத் தேய ஆடியவன்தான். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம்ம ஊர் விளையாட்டு

கேரமை 'சும்மா பொழுதுபோக்கு' என்று ஒதுக்காதீர்கள். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். தமிழகத்தின் மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலக சாம்பியன் பட்டம் வென்றார். 1996-க்கான அர்ஜுனா விருதும் பெற்றார். வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்சில் நடந்த உலகப் போட்டியில் சாம்பியன் ஆனார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்றார். பொன்னேரி வழியாக ரயில் பிடித்தால் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் இவர்கள்! பெரிய கிளப்பும் விலையுயர்ந்த மேஜையும் வேண்டாம். ஒரு பலகை, ஒரு விளக்கு, ஒழுங்கான பயிற்சி, இவை போதும்.

முதலில் உட்காரக் கற்றுக்கொள்ளுங்கள்

நம் வீடுகளில் பலகையைத் தரையில் போட்டு, முதுகை வில்லாக வளைத்து மணிக்கணக்கில் ஆடுகிறோம். கழுத்துப் பிடிப்புக்கு வேறு காரணமே வேண்டாம். போட்டிகளில் பலகை தரையிலிருந்து சுமார் 63 முதல் 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். வீட்டிலும் ஆடாத ஒரு மேஜை மேல் வையுங்கள். இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். தோள் தளரட்டும். விளக்கு பலகையின் நடுவுக்கு நேர் மேலே இருக்கட்டும். உங்கள் தலை நிழல் காய் மேல் விழக்கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு அடி நடங்கள்.

அடிக்காதீர்கள், தள்ளுங்கள்

நாடி பார்க்கப் பழகும் மாணவன் செய்கிற முதல் தப்பு, அழுத்திப் பிடிப்பது. அழுத்தினால் நாடி மறைந்துவிடும். மூன்று விரலும் பூப்போல் அமர்ந்தால்தான் அது பேசும். கேரமிலும் அதே கதைதான்! விரலைத் தூரத்திலிருந்து கொண்டுவந்து 'டொக்' என்று சுண்டுகிறார்கள். ஸ்ட்ரைக்கர் கோணலாகப் போகிறது, நகக்கண்ணும் வலிக்கிறது. விரலை ஸ்ட்ரைக்கரைத் தொட்டும் தொடாமலும் வைத்து, அங்கிருந்தே தள்ளிவிடுங்கள். மற்ற விரல்கள் பலகையில் லேசாக ஊன்றியிருக்கட்டும். மணிக்கட்டு ஆடக்கூடாது.

வேகம் ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு கணக்கும் உண்டு. பில்லியர்ட்ஸ், பூல் மேஜையில் பந்துகள் ஏறக்குறைய ஒரே எடை. நடுவில் நேராக மோதினால் வந்த பந்து நின்றுவிடும், வாங்கிய பந்து ஓடும். கேரமில் அப்படி இல்லை. ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கும். காயோ 5 முதல் 5.5 கிராம்தான். அதனால் நேராக மோதிய பிறகும் ஸ்ட்ரைக்கர் ஏறக்குறையப் பாதி வேகத்தோடு முன்னால் போகும். பலமாக அடித்தால் காய்க்குப் பின்னாலேயே அதுவும் குழியில் விழும். போட்ட காயை அபராதமாகத் திரும்ப வைக்க வேண்டியதுதான்! குழி வரை காய் போய்ச் சேருகிற வேகம் போதும். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் உங்கள் கோபம்.

கண்ணுக்கு ஒரு பாடம்

சாய்வாக வெட்டி அடிக்கும் காய்தான் பலருக்குத் தவறுகிறது. காரணம், காயில் எந்த இடத்தைத் தொட வேண்டுமோ, அதே இடத்துக்கு ஸ்ட்ரைக்கரின் நடுவைக் குறிவைக்கிறார்கள். அப்போது காய் வேண்டியதைவிடக் கூடுதலாக மோதப்பட்டுத் திசை மாறிவிடும்.

இப்படிச் செய்யுங்கள். குழியின் நடுவையும் காயின் நடுவையும் ஒரு கோட்டால் மனசில் இணையுங்கள். அந்தக் கோட்டைக் காய்க்குப் பின்பக்கம் நீட்டுங்கள். அந்தக் கோட்டின் மேல், காயைத் தொட்டபடி ஒரு ஸ்ட்ரைக்கர் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். உங்கள் ஸ்ட்ரைக்கர் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். பூல் ஆடுகிறவர்களும் இதே வித்தையைத்தான் பழகுகிறார்கள். ஆரம்பத்தில் இன்னொரு ஸ்ட்ரைக்கரை நிஜமாகவே அங்கே வைத்து, உங்கள் இடத்திலிருந்து நன்றாகப் பார்த்துக்கொண்டு, பிறகு எடுத்துவிட்டு அடியுங்கள். ஒரு வாரத்தில் கண் தானாகப் பழகிவிடும்.

இந்தக் காய் அல்ல, அடுத்த காய்

நல்ல ஆட்டக்காரர் ஒரு காயைப் போடும்போதே அடுத்ததை யோசித்துவிடுகிறார். குழி வாயில் உங்கள் காய் ஒன்று உட்கார்ந்திருக்கிறதா? அவசரப்பட்டு அதை முதலில் போட்டுவிடாதீர்கள். எதிராளிக்கு அந்தக் குழியை அது அடைத்துக்கொண்டிருக்கும். ரெட்டைப் போட்டால் 'ஃபாலோ' போடவும் அது தயாராக இருக்கும். ஃபாலோவுக்கு வழியில்லாமல் ரெட்டை எடுப்பது, கையில் காசில்லாமல் ஆட்டோவில் ஏறுகிற மாதிரி!

புள்ளிக் கணக்கையும் மறக்காதீர்கள். ஒரு போர்டில் ஜெயித்தவருக்கு, எதிராளியின் காய்கள் பலகையில் எத்தனை மிச்சமோ அத்தனை புள்ளி. ரெட்டும் அவருடையது என்றால் கூடுதலாக 3. ஆக, அதிகபட்சம் 12. முதலில் 25 புள்ளி எடுப்பவருக்கு, அல்லது 8 போர்டு முடிவில் முன்னால் இருப்பவருக்கு, அந்த கேம். இதில் ஒளிந்திருக்கும் பாடம் என்ன? ஒரு போர்டு கைவிட்டுப் போகிறது என்று தெரிந்த பிறகும் ஆட்டம் முடியவில்லை! 8 காய் மிச்சம் வைத்துத் தோற்பதும் 2 காய் மிச்சம் வைத்துத் தோற்பதும் ஒன்றல்ல. மூன்று போர்டில் அது 24 புள்ளிக்கும் 6 புள்ளிக்கும் உள்ள வித்தியாசம். 'போச்சு' என்று கையை உதறுகிறவர் அங்கேதான் மேட்சை விடுகிறார்.

தவறிய காயும் தவறாத மனசும்

நம்ம சிப்காட் நண்பரிடம் ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். "ஜெயித்ததை எழுதவேண்டாம் தம்பி. தவறின காய் ஒவ்வொண்ணையும் எழுது. வலது பக்கம் போச்சா, இடது பக்கம் போச்சா, வேகம் கூடிச்சா, குறைஞ்சுதா?" பத்து நாள் கழித்து நோட்டோடு வந்தார். புரட்டியபோது அவருக்கே புரிந்தது. சுலபமான காய் ஒன்று தவறினால், அடுத்த இரண்டு மூன்று அடியும் தவறியிருந்தது. எல்லாமே வேகம் கூடி! கஷ்டமான காயில் அவர் தோற்கவில்லை. முந்தைய காயின் கோபத்தில்தான் தோற்றிருக்கிறார்.

போட்டி விதிப்படி ஒரு அடிக்கு 15 விநாடி உண்டு. அது எவ்வளவு நீளம் தெரியுமா? நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட்டால்கூட மிச்சம் இருக்கும். இழுக்கும்போது காயைப் பாருங்கள். விடும்போது தோளைத் தளர்த்துங்கள். மூச்சு முடிகிற இடத்தில் விரலைத் தள்ளுங்கள். முந்தைய அடி முடிந்து போன கதை. எதிராளி முகத்தைப் பார்க்கவே வேண்டாம், பலகை ஒன்றே உங்கள் எதிராளி.

தூக்கத்தையும் டீயையும் கவனியுங்கள். தூக்கம் கெட்டால் வாதம் மிஞ்சும் என்பது சித்த மருத்துவம் சொல்வது. தூக்கமின்மையும் அளவு மீறிய டீ, காபியும் நடுக்கத்தைக் கூட்டும் என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. நைட் ஷிப்ட் முடிந்தால் முதலில் தூக்கம், பிறகுதான் கேரம். டீக்குப் பதில் சுக்குமல்லிக் காபியோ மோரோ குடிக்கலாம். பயிற்சி 40 நிமிஷம் போதும்: நேர் அடி 10, வெட்டு அடி 10, கட்டையில் பட்டுத் திரும்பும் அடி 10, முழு போர்டு 10.

இவற்றைக் கவனியுங்கள்

பலகையில் தூவும் போரிக் பவுடர் வயிற்றுக்குள் போனால் விஷம். சின்னக் குழந்தைகளுக்கு ரொம்ப ஆபத்து. டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் அது ஆறும்வரை ஆடவேண்டாம். ஆடிக்கொண்டே முறுக்கு, பஜ்ஜி சாப்பிடும் பழக்கத்தை விடுங்கள். ஆட்டம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு.

விரல் மூட்டு வலித்தால் இரண்டு நாள் ஓய்வு கொடுத்து, வெதுவெதுப்பான நல்லெண்ணெய் லேசாகத் தடவுங்கள். காலையில் விரல் மடங்கி நிமிர மறுத்தாலோ, ராத்திரியில் கை மரத்துப்போனாலோ, சும்மா இருக்கும்போதே கை நடுங்கினாலோ கைவைத்தியம் வேண்டாம். மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

சரி, நம்ம நண்பர் கோப்பை வாங்கினாரா? இல்லை. செமி ஃபைனலில் தோற்றுவிட்டார். ஆனால் கழுத்துப் பிடிப்பு குறைந்து, தூக்கம் வந்திருக்கிறது. "கை நடுங்கலை டாக்டர். எதிர்ல ஆடினவர் என்னைவிட நல்லா ஆடினார், அவ்வளவுதான்" என்று அமைதியாகச் சொன்னார்.

மனைவி சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்: "போன ஞாயித்துக்கிழமை பையன் இவரை ஒரு கேம் ஜெயிச்சுட்டான் டாக்டர். இவர்தான் அவனுக்குக் கை கொடுத்தார்!"

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுப் பலகையையும் தூசி தட்டி எடுங்களேன்!