இரத்தத்தில் தெரியுமா ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய்?



நம் பெருந்துறைப் பக்கம் தறிக்கூடம், கோழிப்பண்ணை, குடோன் என்று பல இடங்களில் கூரை ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுதான். டிப்ளமா முடித்து நாம் இறங்கும் வேலையிலும் சீட்டை அறுப்பது, துளை போடுவது, பழைய கேஸ்கட்டைச் சுரண்டுவது எல்லாம் வரும்.

அந்தத் தூசியிலுள்ள நுண்ணிழைகள் உள்ளே போய்த் தங்கினால், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் 'மீசோதெலியோமா' என்னும் புற்றுநோய் வரலாம். அது வெளியே தெரிய 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகும். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் மருத்துவப் பதிவை, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் காக்க வேண்டும் என்று 1995ல் உச்சநீதிமன்றம் கூறியதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

"அதுக்கென்ன, வருஷம் ஒரு பிளட் டெஸ்ட் எடுத்தாத் தெரிஞ்சிடுமல்ல?" என்று கேட்பீர்கள். இதற்காக இரத்தத்தில் தேடப்படும் முக்கியப் புரதம் மீசோதெலின். 2003ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 44 நோயாளிகளில் 37 பேருக்கு அது கூடியிருந்தது. 2007ல் அமெரிக்கா இச்சோதனையை அனுமதித்தது. ஆனால் நோயைக் கண்டுபிடிக்க அல்ல. நோய் உறுதியானவர்களைக் கண்காணிக்க மட்டுமே!

காரணம் கணக்கில் இருக்கிறது. நோயில்லாத 100 பேரில் 95 பேருக்கு 'இல்லை' என்று சரியாகச் சொல்லும்படி அளவு வைத்தால், ஆரம்பநிலை நோயாளிகள் 100 பேரில் 32 பேர்தான் சிக்குகிறார்கள் என்று 2012ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டனர். 1000 தொழிலாளரில் 5 பேருக்கு ஆரம்பநிலை நோய் என்று வைத்துக்கொள்வோம். சிக்குவது ஒருவர் அல்லது இருவர். மீதி 995 பேரில் ஏறக்குறைய 50 பேருக்கு வீணாக 'இருக்கு' என்று வரும். சிறுநீரகம் பழுதானாலும் மீசோதெலின் ஏறுமே! ஆகவே உறையின் சதையை எடுத்துப் பார்த்துத்தான் நோயை உறுதி செய்கிறார்கள்.

சானடோரியம் இருந்த ஊர் நம்முடையது. நெஞ்சில் நீர் கோத்தால் முதலில் டி.பி. நினைப்புத்தான் வரும். டாக்டரிடம் போகும்போது என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதையும் சொல்லுங்கள்.

அதைவிட மேல், தூசியே கிளம்பாமல் பார்ப்பது. சீட்டை நனைத்து அறுங்கள். கட்டிங் வீல் வேண்டாம், கை ரம்பம் போதும். தூசியைக் காய்ந்தபடி கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். மூக்கில் கட்டும் கைக்குட்டை இழையைத் தடுக்காது. தகுந்த முகமூடியைக் கேட்டு வாங்குங்கள். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகாதீர்கள். தூசி குழந்தைகளிடம் போய்விடும்.

பிளட் டெஸ்ட் பிறகு பார்த்துக்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள் தோழர்களே!