ஒலிக்கருவியும் கணினியும்

மைசூருக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பழையது. உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1935-இல் தம் இல்லத்தில் தொடங்கிய வானொலி இவ்வூரில்தான் 'ஆகாசவாணி' எனப் பெயர் பூண்டது. இவ்வூர்த் தமிழ்ப் பெரியவர்களின் பேச்சு வழக்கைப் பதிவு செய்ய விரும்பும் மாணவ நண்பர்களே, மைக்கையும் கணினியையும் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் முரண்டு செய்தால் என் செய்வது? நான் கைக்கொள்ளும் முறையைக் கூறுவேன்.

முதலிற் கேபிளை மாற்றுக. யூ.எஸ்.பி. 2.0 கேபிளுள் மின்சாரத்திற்கு இரு கம்பிகள், தகவலுக்கு இரு கம்பிகள். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டுமே செய்த சில கேபிள்களில் பின்னவை இரா. விளக்கு எரியும், கணினியோ கருவியை அறியாது.

அடுத்து மின்சாரம். யூ.எஸ்.பி. 2.0 துளை தருவது 5 வோல்ட், 500 மில்லியாம்பியர். தனி மின்சாரமில்லாத ஹப் அதனையும் பங்கிட்டுவிடும். ஆதலின் கணினியிலேயே நேராகச் செருகுக.

பதிவின் நடுவே இணைப்பு அறுந்தால், விண்டோஸில் 'யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்துக. கருவி செய்தவரின் டிரைவரை நிறுவுக.

ஒலி 'பட்பட்' என வெடிக்கிறதா? இரு தடம், 24 பிட், நொடிக்கு 48,000 மாதிரி: பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 23 லட்சம் பிட். யூ.எஸ்.பி. 2.0-இன் வேகமோ 48 கோடி. பாதை போதாமை அரிது. கணினி உரிய நேரத்தில் எடுத்துக்கொள்ளாமையே பெரும்பாலும் காரணம். பஃபரை 128-இலிருந்து 512 ஆக்குக. தாமதம் 3 மில்லிநொடியிலிருந்து 11 ஆகும். பேச்சுப் பதிவிற்கு அதனாற் கேடில்லை.

ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. இல்லையேல் காரணம் புலப்படாது. புறப்படுமுன் விடுதியிலேயே பத்து நிமிடம் பதிந்து பாருங்கள். பெரியவர் ஒருமுறை சொன்ன கதையை அதே சொற்களில் மறுமுறை சொல்லமாட்டார்.