யுஎஸ்டிடி விற்றேன், வங்கிக் கணக்கு முடங்கியது

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு வருடமாக யுஎஸ்டிடி என்ற கிரிப்டோ காயினை வாங்கி விற்று வருகிறேன். போன மாதம் டெலிகிராமில் பழக்கமான ஒருவருக்கு மூன்று லட்ச ரூபாய்க்கு விற்றேன். மார்க்கெட்டை விட நல்ல விலை கொடுத்தார். பணம் நான்கு பேர் கணக்குகளிலிருந்து வந்தது. அடுத்த வாரமே என் கணக்கு முடங்கிவிட்டது. வந்ததில் 45,000 ரூபாய் மோசடிப் பணம் என்று குஜராத் சைபர் கிரைம் போலீஸ் சொன்னதாக வங்கியில் சொல்கிறார்கள். சம்பளமும் அந்தக் கணக்கில்தான் விழுகிறது. வாட்ஸ்அப்பில் ஒருவர் பேசி, 45,000 ரூபாயை அனுப்பினால் முடித்துவிடலாம் என்கிறார். கிரிப்டோ வைத்திருப்பதே குற்றமா? இன்னொன்று: என் நண்பர் தனக்காகவும் இப்படி விற்றுக் கொடுத்தால் கமிஷன் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: நண்பரிடம் இன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கிரிப்டோ வைத்திருப்பது குற்றமில்லை. கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்று 2018-ல் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்தது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோவும் ஒருவர் உடைமையாக வைத்திருக்கக்கூடிய சொத்துதான் என்று சொல்லிவிட்டது. 2022 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரியும் வாங்குகிறார்கள். ஆனால் வரி கட்டிவிட்டதால் அரசு அங்கீகாரம் கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வரி போட்ட அதே வருடம், இதைச் சட்டப்பூர்வமாக்கவும் இல்லை, தடை செய்யவும் இல்லை என்றுதான் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மாநிலங்களவையில் சொன்னார்.

உங்கள் சிக்கல் நீங்கள் விற்ற காயினால் வந்ததல்ல, அதற்கு ஈடாக வந்த ரூபாயால் வந்தது. எங்கோ ஒருவர் ஆன்லைனில் ஏமாந்து பணத்தை இழக்கிறார். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிகிறார். அந்தப் பணம் முதலில் போன கணக்கு, அங்கிருந்து போன அடுத்த கணக்கு, அதற்கடுத்தது என்று வங்கிகள் வழியாகத் தேடிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் கணக்கு அந்த வரிசையில் மூன்றாவதோ நான்காவதோ இருக்கும். மோசடிக்காரருக்கு ரூபாய் ஆபத்து, வங்கி நிறுத்திவிடும். அதை யுஎஸ்டிடி ஆக்கிவிட்டால் சில நிமிடங்களில் நாடு தாண்டிவிடும். அதனால்தான் சந்தை விலைக்கு மேல் ஒன்றிரண்டு ரூபாய் கூட்டிக் கொடுத்து வாங்குகிறார். அந்த நல்ல விலை எதற்கு என்று அப்போதே நீங்கள் கேட்டிருக்க வேண்டும். வாங்குகிறவர் பெயர் ஒன்று, பணம் அனுப்புகிறவர் பெயர் வேறொன்று என்றால், காயினை விடுவிக்காமல் வந்த கணக்குக்கே பணத்தைத் திருப்பிவிடுவதுதான் முறை. நான்கு பெயர்களில் வந்த பணத்தை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டீர்கள்.

இனி செய்ய வேண்டியது. வாட்ஸ்அப் ஆளுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அவர் உண்மையான போலீஸ்தானா என்பதே சந்தேகம். உண்மையான போலீஸாக இருந்தாலும், கோர்ட்டுக்கு வெளியே கை மாறும் பணத்துக்கு ரசீது கிடையாது, கணக்கு திறக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. வங்கிக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, முடக்கச் சொன்ன கடிதத்தின் நகல், புகாரின் அக்நாலெட்ஜ்மென்ட் எண், காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். வாயால் கேட்டால் கவுன்டரில் உதட்டைப் பிதுக்குவார்கள்.

போலீஸிடமிருந்து நோட்டீஸ் வந்தால் எந்தப் பிரிவில் வந்திருக்கிறது என்று பாருங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-வது பிரிவு என்றால் ஆவணம் கேட்கிறார்கள். 35(3) என்றால் உங்கள் மேலேயே சந்தேகம் இருக்கிறது. அப்போது வக்கீல் இல்லாமல் பதில் சொல்லாதீர்கள், அதற்காக ஆஜராகாமலும் இருந்துவிடாதீர்கள். இந்த 35-வது பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

45,000 ரூபாய்க்காக முழுக் கணக்கையும் பூட்டி வைப்பதைப் பல நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும் என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும், எவ்வளவு தொகை, எவ்வளவு காலம் என்று சொல்லாமல் கணக்கை முடக்குவதைக் கண்டித்து, சந்தேகத் தொகையை ஒதுக்கிவிட்டு மீதியை இயக்க அனுமதித்தது. அதே சன்ஹிதாவின் 106-வது பிரிவில் முடக்கிய போலீஸார் அதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று கேளுங்கள், பல வழக்குகளில் இதற்குப் பதிலே வராது. கணக்கை விடுவிக்கக் கோரி 503-வது பிரிவில் மனுப்போட, குஜராத்தில் அந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருக்கும். உங்கள் கணக்கு இங்கே இருப்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போடும் வழியும் உண்டு. முதலில் 45,000-க்கு மட்டும் லியன், அதாவது நிறுத்திவைப்பு, போட்டுவிட்டு மீதியை விடுவிக்கும்படி விசாரணை அதிகாரிக்கு ஈமெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். டெலிகிராம் உரையாடல், ஆர்டர் விவரம், காயின் போன வாலட் முகவரி, பரிவர்த்தனை ஹாஷ் எல்லாவற்றையும் இணையுங்கள். உரையாடலை அழித்திருந்தால் உங்கள் நிலைமை கஷ்டம்தான்.

இப்போது நண்பர் விஷயம். 2023 மார்ச் 7 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பிறருக்காக அல்லது பிறர் சார்பில், தொழிலாகக் கிரிப்டோவை மாற்றிக் கொடுப்பவர்களைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்த அறிவிக்கை அது. உங்கள் சொந்தக் காயினை விற்கும்வரை நீங்கள் இதற்குள் வருவதில்லை. கமிஷனுக்கு அடுத்தவர் காயினைத் தொடர்ந்து விற்க ஆரம்பித்தால், எஃப்ஐயு எனப்படும் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்யாத ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச் ஆகிவிடுவீர்கள். பைனான்ஸ் (Binance) என்ற மாபெரும் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கே இந்த விதிகளை மீறியதற்காக 2024-ல் 18.82 கோடி ரூபாய் அபராதம் போட்டார்கள். வரும் பணம் மோசடிப் பணம் என்றால் அபராதத்தோடு போகாது. ஒருமுறை கணக்கு முடங்கிய பிறகும் அதையே செய்தவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னால் எந்த கோர்ட்டும் நம்பாது.

நம் ஒழுங்குமுறையில் எனக்குக் குறை உண்டு. எக்ஸ்சேஞ்சுகளுக்குக் கேஒய்சி, பதிவு, அபராதம் எல்லாம் இருக்கின்றன. டெலிகிராமில் தனி ஆளும் தனி ஆளும் செய்யும் வியாபாரத்தில் எவரும் கேஒய்சி கேட்பதில்லை. கண்காணிப்பு கூடக் கூட, கறுப்புப் பணம் அந்தப் பக்கம்தான் ஒதுங்குகிறது. 1 சதவீத டிடிஎஸ்ஸும் நேர்மையான சிறு வியாபாரிகளைப் பதிவு பெற்ற தளங்களிலிருந்து வெளியே தள்ளுகிறது என்பது என் கருத்து. கிரிப்டோவுக்கென்று தனிச் சட்டம் வரும்வரை இந்த ஓட்டை அடைபடாது.

மனு போடும் முன் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். ஒரு வருடமாக வியாபாரம் செய்கிறேன் என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதும்போது, உங்கள் வருமான வரிக் கணக்கில் கிரிப்டோ பகுதி காலியாக இருந்தால் அரசு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, 30 சதவீதத்தின் மேல் செஸ்ஸும் உண்டு. விட்டுப்போயிருந்தால் கூடுதல் வரியோடு புதுப்பித்த கணக்கைத் தாக்கல் செய்ய இன்னும் வழி இருக்கிறது.