சைக்கிள் வாங்குமுன்

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்பு பயிலும் மாணவியருக்குத் தமிழக அரசு சைக்கிள் வழங்கி வருகிறது. 2001-2002ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கிய இத்திட்டம் பின்னர் எல்லோருக்கும் விரிந்தது. ஆனால் ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு அந்த நாள் வர ஐந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை நாள்தோறும் மூன்று நான்கு கிலோமீட்டர் நடப்பதா, பஸ் நெரிசலில் நசுங்குவதா, வீட்டில் சேர்த்த பணத்தைக் கொண்டு சைக்கிள் வாங்குவதா என்ற கேள்வி பல வீடுகளில் எழுகின்றது. அப்பணம் எளிதில் சேர்ந்ததன்று. ஆகவே அதைச் செலவிடும் முறையை ஒரு பாடமாகவே படிப்போம்.

முதலில் அளவு. "வளரும் பிள்ளை, பெரியதாகவே வாங்குவோம்" என்பார்கள் பெற்றோர். பாவாடையில் மடிப்பு வைத்துத் தைக்கலாம். சைக்கிளில் மடிப்பு வைக்க முடியாது. கால் எட்டாத சைக்கிளில் இடுப்பை இருபுறமும் அசைத்தசைத்து மிதிக்கும் சிறுமி, லாரி எதிரே வரும்போது காலூன்ற இயலாமல் விழுவாள். கடையில் சீட்டில் ஏறி அமர்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் சிறிது மடங்கும். அதுவே சரியான உயரம். புதிதாகப் பழகுவோர் இரு கால் விரல்களும் தரையைத் தொடும்படி சீட்டைத் தாழ்த்திக்கொள்ளலாம். வளர வளரச் சீட்டுக் குழாயை உயர்த்தலாம். ஆனால் அதில் பொறித்துள்ள எல்லைக் கோடு வெளியே தெரியக் கூடாது.

அடுத்து டயர். '26 இஞ்சு' என்று கேட்டு டயர் வாங்கி வந்து, அது ரிம்மில் ஏறாமல் திகைத்தவர்கள் உண்டு. 26 இஞ்சு என்பது ஒரே அளவன்று. பெண்கள் ஓட்டும் சாதாரண சைக்கிளின் 26 x 1⅜ டயர் அமரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். மலைச்சாலைச் சைக்கிளின் தடித்த 26 இஞ்சு டயருக்கோ 559. டயரின் பக்கவாட்டில் 37-590 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முன்னது அகலம், பின்னது ரிம்மின் விட்டம். அதைக் குறித்துக்கொண்டு போனால் ஏமாற வேண்டியதில்லை.

இப்போது எல்லோரும் கேட்கும் கியருக்கு வருவோம். இது வெறும் கணக்கு. முன்பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்னதில் 18 என்றால், பெடலை ஒருமுறை சுற்றப் பின்சக்கரம் ஏறக்குறைய 2.44 முறை சுற்றும். 26 x 1⅜ சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். ஆகவே ஒரு மிதிக்கு 5 மீட்டர் செல்வோம். சமதரைக்கு இது பொருத்தம். வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் கொண்ட 'ரோடு பைக்' வகையில், முன்னே 34, பின்னே 28 பற்கள் வைத்தால் ஒரு மிதிக்கு 2.6 மீட்டர் மட்டுமே; மேட்டில் எளிதாக ஏறலாம். முன்னே 50, பின்னே 11 என மாற்றினால் 9.7 மீட்டர் வரை பாயும். எடையும் 10 முதல் 12 கிலோ வரைதான்; பழைய கனத்த சைக்கிளோ 20 கிலோவை நெருங்கும். விளையாட்டில் ஈடுபட விரும்பும் மாணவிக்கு அது ஏற்றதே. ஆயினும் அதில் பொதுவாகக் கேரியர், மட்கார்டு, செயின் மூடி எவையும் இரா. புத்தகப் பையும் தாவணியும் துப்பட்டாவுமாகச் செல்வோருக்கு இம்மூன்றும் அணிகலன்கள் அல்ல, பாதுகாப்பு. குறைந்த விலையில் 21 கியரும் முன்னால் குதிக்கும் ஸ்பிரிங்கும் காட்டி மயக்கும் சைக்கிளைவிட, கியரே இல்லாத உறுதியான சைக்கிள் மேல் என்பது என் கருத்து. ஸ்பிரிங் எடையைக் கூட்டும். மலிவான கியரைச் சரிசெய்ய நம் தெருக்கோடிக் கடையில் உதிரி கிடைப்பதும் அரிது.

(பெண்கள் சைக்கிள்தான் வேண்டுமென்பதும் கட்டாயமில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் பழகியபோது, பெண்கள் சைக்கிள் போதாமல் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஓட்டினார்கள். நம் அண்ணன்மார் குரங்குப் பெடல் போட்டுப் பழகியதும் அதில்தானே!)

பழைய சைக்கிள் வாங்குவோர் பளபளப்பைப் பார்க்கக் கூடாது. புதுப் பெயின்ட் எதையேனும் மறைக்கலாம். ஹேண்டில்பாருக்குக் கீழே பிரேம் குழாய்கள் சேருமிடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மடிப்போ கீறலோ இருந்தால் அந்தச் சைக்கிள் எங்கோ மோதியிருக்கிறது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பின்பு சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் கோட்டம் உண்டு. சிறிதாயின் கடையில் கோட்டம் எடுத்துவிடலாம். முன் பிரேக்கை அழுத்தி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் 'டக் டக்' என்றால் அங்கே தளர்ச்சி. கிராங்கைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக் கூடாது.

செயினுக்குத் தையல் வகுப்பின் இஞ்சு டேப்பே போதும். முழு மூடி இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு கண்ணி அரை இஞ்சு. ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 இஞ்சு இருக்க வேண்டும். 12⅛ இஞ்சு வந்தால் செயின் தேய்ந்துவிட்டது. அது பற்களையும் தேய்த்திருக்கும். செயினோடு பிரீவீலையும் மாற்ற நேரும். மாற்ற வேண்டிய டயர், டியூப், செயின் எல்லாவற்றின் விலையையும் கேட்டுக் கூட்டுங்கள். மொத்தம் புதியதன் விலையில் மூன்றில் இரு பங்கைத் தாண்டினால், இன்னும் சில மாதம் சேமித்துப் புதியதே வாங்கலாம்.

விலை மிகவும் குறைவாக இருந்தால் மகிழ வேண்டாம். ஏன் என்று கேளுங்கள். பிரேமில், சீட்டுக்குக் கீழேயுள்ள குழாயிலோ பெடல் அச்சின் அடியிலோ, எண் பொறித்திருக்கும். அதை அரத்தால் தேய்த்து அழித்திருந்தாலும், "பில் தொலைந்துவிட்டது" என்று விற்பவர் நழுவினாலும் விலகிவிடுங்கள். திருட்டுப் பொருள் என அறிந்து வாங்குவது சட்டப்படி குற்றம். ஏழாம் கட்டளையை மீறுவதும் ஆகும். அச்சைக்கிளை இழந்து இன்று நடந்து செல்பவளும் உங்களைப் போன்ற ஒரு மாணவியாக இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தால், விற்பவரின் கையொப்பத்துடன் விலை, தேதி, பிரேம் எண் குறித்த சீட்டு ஒன்று பெறுங்கள். அந்த எண்ணை நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதி வையுங்கள். சைக்கிள் காணாமற்போனால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க அதுதான் வேண்டும்.